கோப்பையில் உள்ளதை மட்டும்

என் எழுத்து மேசையில் காது இல்லாத ஒரு வெள்ளைக் கோப்பை இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத் தயிர்க் கிண்ணம் என்று நினைப்பார்கள். ஒருவர் அதில் சிகரெட் சாம்பலைத் தட்டப் பார்த்தார். நான் பாய்ந்து கையைப் பிடித்த பிடியில் அவர் சிகரெட்டையே விட்டிருப்பார் என்று நம்புகிறேன். விளிம்பில் அரைப் பல் அளவுக்கு ஓர் உடைசல். உள்ளே எவ்வளவு தேய்த்தாலும் போகாத ஒரு செம்பு நிற வளையம். தேயிலைத் தொழிற்சாலையில் அன்றன்றைய தூளின் சாயத்தை ஊற்றி ருசி பார்க்கிற கோப்பை அது. என்னுடைய சான்றிதழ்கள் எல்லாம் அலுமாரிக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் படுத்திருக்கின்றன. இது மட்டும் மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. காரணம், நாற்பத்தாறு வயதில் நான் ஆங்கிலம் படித்தது இதில்தான். புத்தகத்தில் என்று எழுத வந்து கை தவறிவிட்டதாக நினைக்காதீர்கள். கோப்பையில்தான்.

கோப்பைக்குச் சொந்தக்காரன் என் மச்சினன். மனைவியின் தம்பி, என்னைவிட எட்டு வயது இளையவன். அக்கரப்பத்தனைப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த தோட்டத்துத் தொழிற்சாலையில் டீமேக்கர், கொழுந்தைத் தூளாக்கி ருசி பார்த்துத் தரம் சொல்கிறவன். அங்கே அவனை ஐயா என்று கூப்பிட நூறு பேர் இருந்தார்கள். எங்கள் வீட்டில் அவன் கோழிக் குழம்பு வாசனைக்கு வந்து சேர்கிற ஆள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்தைத் தான் முடிக்கவில்லை, அதுதான் தன்னை முடித்துவிட்டது என்பான். ஆனாலும் தொழிலுக்கென்று ஐம்பது ஆங்கிலச் சொற்கள் வைத்திருந்தான். நல்ல தேநீர் பிரைட். செத்த தேநீர் டல். சாயம் இறங்காமல் தண்ணீராக இருந்தால் தின். புகை வாடை அடித்தால் ஸ்மோக்கி. அந்த ஐம்பதை வைத்துக்கொண்டு தேநீரை மட்டுமல்ல, மந்திரிமாரையும் மாப்பிள்ளைமாரையும் தன் அக்காவின் ரசத்தையும் தரம் பிரிப்பான். என்னைப் பற்றிய அவனுடைய நிரந்தர மதிப்பீடு, "மச்சான்கிட்ட சாயம் இருக்கு, சத்தம்தான் கூட" என்பது.

நான் தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிற ஆசிரியர். பட்டம் வாங்கியது தமிழ் மொழியில். அதற்கு மேல் கல்வியில் முதுமாணி என்கிற மேற்பட்டம் படித்து, என்றைக்காவது ஓர் ஆசிரியர் கலாசாலையில் விரிவுரையாளராகப் போகவேண்டும் என்பது என் ஆசை. எங்கள் மலைப் பிள்ளைகள் ஆசிரியராவதற்குப் போய் உட்காரும் இடத்தில், தோட்டத் தொழிலாளரின் லயத்து வீட்டில் பிறந்த ஒருவன் முன்னால் நின்று பாடம் சொல்லவேண்டும். ஆசை பெரியது, நடுவில் நின்ற கதவு சிறியது. முதுமாணிக்கான அனுமதிப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கென்று ஒரு வினாத்தாள் இருந்தது. இலக்கணம், சொல்வளம், வாசிப்பு. அந்தக் கதவில் நான் இரண்டு தடவை நெற்றியை இடித்துக்கொண்டேன்.

முதல் தடவை இடித்ததற்குப் பயம்தான் காரணம். ஒரு மண்டபம் நிறைய மாணவர்களைக் கண்ணாலேயே அடக்குகிற மனிதன் நான். அன்று வினாத்தாளைத் திருப்பியதும் என் வயிறு என் பேச்சைக் கேட்கவில்லை. இருபத்தாறு எழுத்துகளும் எனக்குத் தெரிந்த எழுத்துகள்தான். ஆனால் அவை என்னைத் தெரியாதவை போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. மூன்று தடவை கை தூக்கி வெளியே போனேன். மூன்றாவது தடவை மேற்பார்வையாளர், "சேர், நீங்க அங்கயே உக்காந்து எழுதுறீங்களா?" என்று கேட்டார். அவர் அக்கறையோடு கேட்டாரா, கிண்டலாகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நானாக இருந்தால் கிண்டலாகத்தான் கேட்டிருப்பேன்.

இரண்டாவது தடவை தோற்றது வேறு விதம். அந்தக் கதையை நான் பல மாதம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாசிப்புப் பந்தியைத் திருப்பினால், தேயிலைத் தோட்டம். என் தலையெழுத்தே மாறிவிட்டது என்று துள்ளினேன். வாசிக்க வாசிக்கத் துள்ளல் அடங்கியது. கொழுந்து பறிப்பது குளிர்ந்த மலைக்காற்றில் பெண்கள் பாடிக்கொண்டே செய்யும் இலகுவான வேலை என்று எழுதியிருந்தான் அந்த மனிதன். என் அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். கூடைக்கயிறு இழுத்த தடம் அவருடைய தலையில் முடி முளைக்காத ஒரு கோடாகவே கிடந்தது. அட்டை கடித்த காலோடு வந்து அடுப்பு மூட்டுவார். பாட்டு ஒன்றும் நான் கேட்டதில்லை. பந்திக்குக் கீழே முதல் கேள்வி: எழுத்தாளரின் கருத்துப்படி இந்த வேலை பெண்களுக்குப் பொருந்துவது ஏன்? நான்கு விடைகள் இருந்தன. நான்கையும் குறுக்கே வெட்டினேன். ஓரத்தில், எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் திரட்டி, இந்த எழுத்தாளர் ஒரு மழை நாளில் எங்கள் மலைக்கு வரவேண்டும், குடை கொண்டுவரக் கூடாது என்று எழுதினேன். மீதி ஒன்பது கேள்விக்கும் உண்மையையே பதிலாக எழுதினேன். பந்திக்கும் என் பதில்களுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. வீரனைப் போல மண்டபத்தைவிட்டு வெளியே வந்தேன். முடிவு வந்தபோது வீரன் வாசிப்பில் விழுந்து கிடந்தான்.

மூன்றாவது தடவையும் தோற்றால் விண்ணப்பப் படிவத்தைக் கையாலும் தொடமாட்டேன் என்று மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். "சத்தியம் உங்களுக்கு, தல எனக்கா?" என்று அவள் கையைத் தட்டிவிட்டாள். பிறகு வீடு பட்ட பாடு சொல்லி முடியாது. சொல்வளம் பெருக்குவதற்காகத் துண்டுத் துண்டாகக் காகிதம் வெட்டி, கண்ட இடமெல்லாம் ஆங்கிலச் சொல் எழுதி ஒட்டினேன். கண்ணாடியில் ஒன்று, காஸ் சிலிண்டரில் ஒன்று, குளிக்கிற வாளியில் ஒன்று. மூன்றாம் நாள் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, அரிசி டின்னுல என்னமோ ஒட்டியிருக்கீங்களே, என்ன அர்த்தம்?"

"அபண்டன்ட். ஏராளம்னு அர்த்தம்."

"தொறந்து பாருங்க. அரக் கொத்துகூட இல்ல. மொதல்ல டவுனுக்குப் போய் அர்த்தத்த வாங்கிட்டு வாங்க."

இலக்கணத்தைப் பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற வழியில் பழகினேன். கண்ணில் படுகிற எல்லாவற்றையும் செயப்பாட்டு வினையாக்குவது என் பயிற்சி. கொழுந்து பறிக்கப்படுகிறது, லொறி ஓட்டப்படுகிறது, நான் மழையால் நனைக்கப்படுகிறேன் என்று ஆங்கிலத்தில் முனகிக்கொண்டே போவேன். மலையில் நின்ற பெண்கள் வாத்தியாருக்குப் பேய் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம். இந்தப் பழக்கம் வகுப்பறைக்குள்ளும் என்னோடு வந்துவிட்டது. ஒருநாள் எட்டாம் தரத்தில் ஒரு பெண் எழுந்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல், "சேர், எங்களால வீட்டுப் பாடம் செய்யப்படலீங்க" என்றாள். அடிக்கவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. நான் தண்டிக்கப்பட்டேன் என்று எடுத்துக்கொண்டேன்.

இலக்கணமும் சொல்லும் மெல்லக் கைக்குள் வந்தன. வாசிப்பு மட்டும் வரவில்லை. ஒரு பந்தியை எடுத்தால் தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைத் திறப்பேன். அகராதியில் அதற்குப் பக்கத்துச் சொல்லையும் பார்ப்பேன். அரைமணி நேரம் போயிருக்கும், நான் இரண்டாவது வரியில் நிற்பேன். அது போகட்டும், பந்தி எதைச் சொன்னாலும் அதோடு எனக்கு ஒரு வழக்கு இருந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு வேளையில்தான் மச்சினன் என் பயிற்சித் தாளைக் கையில் எடுத்தான். அதில் இருந்த சிவப்புக் கோடுகளைப் பார்த்துவிட்டு, "எதுல மச்சான் அடி விழுது?" என்றான். கை தட்டுவான் என்ற எதிர்பார்ப்போடு நான் அவனுக்குக் குடை கொண்டுவரக் கூடாத எழுத்தாளரின் கதையைச் சொன்னேன். யார் கேட்டாலும் சிரிக்கிற கதை அது. அவன் சிரிக்கவில்லை. எலும்பை ஓரமாக வைத்துவிட்டு, "கைய கழுவிட்டு ஸ்டோருக்கு வாங்க" என்றான். தோட்டத்தில் தொழிற்சாலைக்கு ஸ்டோரு என்றுதான் பெயர்.

அன்று இயந்திரங்கள் ஓடவில்லை. ருசி பார்க்கிற அறையில் வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல், அதன் கீழே வெள்ளை ஓடு பதித்த நீண்ட மேசை. எனக்கு முதுகைக் காட்டியபடி மூன்று சிறு மூடிப் பாத்திரங்களில் தூளை நிறுத்துப் போட்டான், கொதிநீரை ஊற்றினான், மணியைத் திருகி வைத்தான். ஆறு நிமிடம் ஊறவிட்டான்.  மணி அடித்ததும் மூன்று கோப்பைகளில் சாயத்தை வடித்து என் முன்னால் வைத்தான். "இது மேல் டிவிஷன், உங்கம்மா பறிச்ச மலை. இது கீழ் டிவிஷன். இது பக்கத்துத் தோட்டம். நீங்கதான் தோட்டத்துல பொறந்தவராச்சே, சொல்லுங்க பாப்போம்."

கரண்டியில் எடுத்து, காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சி, நாக்கு முழுவதும் தெளித்து, உடனே துப்பவேண்டும் என்று செய்து காட்டினான். நானும் உறிஞ்சினேன். எனக்கா பேச்சு வராது? மேல் டிவிஷன் தேநீரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன்: அதில் பனி இருக்கிறது, உயரம் இருக்கிறது, ஒரு வைராக்கியம் இருக்கிறது. கீழ் டிவிஷன் பரவாயில்லை, ஆனால் தண்ணீர்ப் பாங்கு. பக்கத்துத் தோட்டத்துத் தேநீரைத் துப்பிய பிறகும் வாய் கசக்கிறது என்றேன்.

மச்சினன் மேசையில் சாய்ந்து நின்றபடி என்னையே பார்த்தான். "மூணுமே ஒரே டின்னுல எடுத்த தூளு மச்சான்."

நான் மூன்று கோப்பைகளையும் திரும்பப் பார்த்தேன். நிறத்தில்கூட வித்தியாசம் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் மூன்றும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள் போல இருந்தன.

"நீங்க டீயக் குடிக்கல. நான் சொன்ன கதையக் குடிச்சீங்க. நானும் மொத வருசம் இப்பிடித்தான், நம்ம மலைக் கொழுந்துன்னு தெரிஞ்சாலே நாக்கு பொய் சொல்லும். அதான் மலையோட பேரு எழுதுன சீட்டத் திருப்பி வச்சிட்டுக் குடிப்போம். கோப்பையில என்ன இருக்கோ அத மட்டும் சொல்லணும். மலை உங்களுக்குத் தெரியும், அது வேற. பரீட்சைக்காரன் மலையப் பத்தியா கேட்டான்? அவன் ஊத்துன கோப்பையப் பத்திக் கேட்டான்."

"அவன் எழுதினது பொய்டா."

"பொய்தான். அந்தப் பொய்ய ஒழுங்காப் படிச்சீங்களா? அதுதான் கேள்வி."

எனக்குக் கோபம் வந்தது.  கசப்பதாக நான் சொன்ன கோப்பையை எடுத்து இன்னொரு வாய் உறிஞ்சிப் பார்த்தேன். நல்ல தேநீர்தான்.

அன்றிலிருந்து நான்கு மாதம் ஞாயிறு தோறும் அந்த அறைதான் என் வகுப்பறை. கோப்பைகள் நின்ற இடத்தில் ஐந்து பந்திகளை வரிசையாக வைப்பான், நடுநடுவே உறிஞ்சிப் பார்க்க ஒரே ஒரு கோப்பை. தேநீர் ஊறுகிற ஆறு நிமிட மணியைத் திருகுவான். மணி அடிப்பதற்குள் ஒரு பந்தியை வாசித்துக் கேள்விகளுக்கு விடை குறித்துவிட்டு அடுத்ததற்கு நகர வேண்டும். அகராதி வாசலுக்கு வெளியே. "எல்லாக் கோப்பையையும் முழுங்குனா டீமேக்கருக்கு வயிறு வெடிச்சிரும். உறிஞ்சுங்க, துப்புங்க, அடுத்தது" என்பான். அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, "இது பிரைட்டு, இது டல்லு" என்று தீர்ப்புச் சொல்வான். நான் வாசிக்கிற முகத்தைப் பார்த்தே வழக்குத் தொடங்கிவிட்டது என்று கண்டுபிடிப்பான். உடனே கரண்டியால் கோப்பை விளிம்பில் டங் என்று தட்டி, "மலை வருது மச்சான்" என்பான். கோப்பையின் விளிம்பில் இருக்கிற உடைசல் அப்படித் தட்டித் தட்டி வந்ததுதான்.

ஒருநாள் ஒரு பந்தி, பையில் அடைத்த தேயிலைத் தூளே உலகில் தலைசிறந்த தேநீர் என்றது. வாசித்ததைத் தமிழில் சொல்லச் சொன்னான். சொன்னேன். மனிதன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான். "எவன் அவன்? குப்பைய அள்ளிப் பையில கட்டி வித்துட்டு..." நான் சத்தம் போடாமல் அவன் கையிலிருந்த கரண்டியை வாங்கி, கோப்பையில் டங் என்று தட்டினேன். "மலை வருது மச்சான்." அந்த ஓர் அடிக்காகவே நான்கு மாதம் படிக்கலாம்.

மூன்றாவது பரீட்சைக்கு முதல்நாளே ஹட்டனுக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்துக் கண்டியில் தங்கினேன். காலையில் மண்டபத்தில் போய் உட்கார்ந்தேன். இலக்கணம் முடிந்தது. சொல்வளத்தில் அபண்டன்ட் வந்தது. காலி அரிசி டின் கண்முன் வந்து நின்று விடையைக் காட்டியது. பிறகு வாசிப்புப் பந்தியைத் திருப்பினேன். நாற்பது வயதைக் கடந்தவர்களால் புதிய மொழியைக் கற்க முடியாது என்பதுதான் அந்தப் பந்தி சொன்ன விஷயம். வளைந்து கொடுக்கிற பருவம் மூளைக்கு முடிந்துவிடும், நாக்கு இறுகிவிடும், வெட்கம் மிகுந்துவிடும், முயற்சி செய்வது வீண். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்து எழுதியது போல இருந்தது.

இரத்தம் தலைக்கு ஏறியது. ஓரத்து வெள்ளை இடம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் அப்பா கிடந்த மூன்று வாரமும், பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியோடு பேசிப் பேசியே ஐம்பத்திரண்டு வயதில் சிங்களம் பிடித்துக்கொண்ட என் அம்மாவைப் பற்றி எழுத விரல் துடித்தது. அந்த நேரத்தில் எங்கேயோ டங் என்று ஒரு சத்தம் கேட்டது. யாரோ கோடு போடுகிற இரும்பு அடிமட்டத்தைக் கீழே போட்டிருக்கலாம். நான் கண்ணை மூடி, ஆழமாக ஒரு வாய் காற்றை உறிஞ்சினேன். பழக்க தோஷம், டீமேக்கர் உறிஞ்சுகிற சத்தம் மண்டபம் முழுவதும் கேட்டுவிட்டது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பினார்கள். மேற்பார்வையாளர் என்னை நோக்கி நடந்துவந்தார். நல்லவேளை, நான் துப்பவில்லை.

எழுத்தாளரின் கருத்துப்படி நாற்பது கடந்தவர் மொழி கற்கத் தவறுவது ஏன்? மூளை இறுகுவதால். குறித்தேன். எழுத்தாளர் இவர்களுக்கு என்ன ஆலோசனை கூறுகிறார்? முயற்சியைக் கைவிடுமாறு. அதையும் குறித்தேன். என்னால் ஆங்கிலம் கற்கவே முடியாது என்று சொல்கிற பத்து விடைகளை, ஆங்கிலத்தில் வாசித்து, ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டு போனேன். ஏழாவது கேள்வியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு பக்கத்தைத் திருப்பினால் கடைசிக் கேள்வி: மேற்படி கருத்துடன் நீர் உடன்படுகிறீரா? நூற்றைம்பது சொற்களில் எழுதுக.

இப்போது அவன் மலையைப் பற்றிக் கேட்கிறான்! பேனாவை எடுத்தேன். அம்மா வந்தார், ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தது, ஐம்பது சொல் டீமேக்கர் வந்தான், மூன்று கோப்பை வந்தது. நூற்றைம்பதில் நிறுத்தியதுதான் கடினமாக இருந்தது.

முடிவு வந்த நாள் பள்ளிக்கூட மைதானத்தின் மூலையில், சிக்னல் கிடைக்கிற பெரிய கல்லின்மேல் நின்றேன். பார்க்கத் தைரியம் இல்லை. மச்சினனை வரச்சொல்லி ஃபோனைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன். பின்னால் பெரிதாக உறிஞ்சுகிற சத்தம். துப்புகிற சத்தம். 

"டல்லு மச்சான்."

நான் கல்லின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். என் முகம் எப்படிப் போயிருந்ததோ, அவனுக்கே பயம் வந்துவிட்டது. "ஐயோ, உங்க மொகத்தச் சொன்னேன்! எந்திரிங்க மச்சான், பாஸ்! நல்லாவே பாஸ்!" இரண்டு நடுவயது ஆட்கள் ஒரு கல்லின்மேல் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்ததை எட்டாம் தரம் முழுவதும் ஜன்னல் வழியாகப் பார்த்தது. மறுநாள் கரும்பலகையில் யாரோ எழுதி வைத்திருந்தார்கள்: சேரால் பரீட்சை பாஸ் பண்ணப்பட்டது.

அன்று மாலை அவன் என்னை ருசி அறைக்குக் கூட்டிப்போனான். ஒரே ஒரு பாத்திரம் வைத்தான். மணி அடிக்கும்வரை காத்திருந்து உடைசல் கோப்பையில் வடித்தான். நான் வழக்கம்போல உறிஞ்சிவிட்டு, துப்புகிற தொட்டியைத் தேடிக் குனிந்தேன். தோளைப் பிடித்து நிமிர்த்தினான். "இன்னைக்குத் துப்பக் கூடாது. முழுங்குங்க." நான்கு மாதம் அந்த அறையில் எத்தனையோ கோப்பை உறிஞ்சியிருக்கிறேன், அடிவரை குடித்தது அன்றுதான்.

முதுமாணி முடிந்தது. இந்த வருடம் முதல் நான் ஓர் ஆசிரியர் கலாசாலையில் விரிவுரையாளர். முன்வரிசையில் எங்கள் மலைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். வாசிப்புப் பயிற்சியில் அவர்களும் பந்தியோடு சண்டை பிடிக்கிறார்கள். நான் பேனாவால் மேசையில் தட்டுகிறேன். மச்சினன் கொழும்பில் ஒரு தேயிலைக் கம்பனியில் ருசி பார்ப்பவனாகப் போய்விட்டான். எங்கெங்கோ விளைந்த தேயிலை வரிசையாக அவன் முன்னால் வருகிறது. புறப்படுகிற அன்று கோப்பையைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். "ஒடஞ்ச கோப்பைய அங்க வச்சுக்க மாட்டாங்க மச்சான்" என்றான். அது முழுக் காரணம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

இதை எழுதுகிறபோதும் அதில் தேநீர் ஊற்றி வைத்திருக்கிறேன். காது இல்லாததால் இரண்டு கையாலும் பிடிக்கவேண்டும். முதல் வாய் இன்னும் அந்தச் சத்தத்தோடுதான் வரும். சமையலறையிலிருந்து மனைவி, "வந்துட்டாரு டீமேக்கரு" என்பாள். நான் விழுங்குகிறேன். எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால் கோப்பையில் உள்ளதை மட்டும் சொல்வேன்: பிரைட். ஏன் என்று மட்டும் கேட்டுவிட்டால், தயவுசெய்து உட்காருங்கள். மலை வரும்.